புளியங்கொட்டை ஓட்டு

சட்டசபைக்கு நாம் ஆள் அனுப்புகிறோம். நாடாளுமன்றத்துக்கும் ஆள் அனுப்புகிறோம். மாநகராட்சிக் கூட்டத்தில் மைக்கைப் பிடுங்கிச் சண்டை போடுகிற கவுன்சிலரும் நாம் அனுப்பிய ஆள்தான். யாரையும் அனுப்பாமல், நாமே செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, நேராகப் போய் உட்காரக்கூடிய சபை ஒன்றும் இந்த நாட்டில் இருக்கிறது.

கிராம சபை.

ஊர் வாக்காளர் பட்டியலில் உங்கள் பேர் இருந்தால் போதும், நீங்கள் அதில் உறுப்பினர். தேர்தல் இல்லை, பதவிப் பிரமாணம் இல்லை, கட்சி தாவல் இல்லை. 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதையொட்டித் தமிழ்நாடு 1994-ல் புது ஊராட்சிச் சட்டம் போட்டது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருஷத்துக்கு நாலு கூட்டம் என்பது நெடுநாள் வழக்கம். 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 என்று இன்னும் இரண்டு நாட்களைச் சேர்த்தார்கள். 500 பேர் உள்ள ஊரென்றால் 50 பேராவது வரவேண்டும். 3,000 வரை என்றால் 100 பேர். 10,000 வரை 200. அதற்கு மேல் 300. வராவிட்டால் கூட்டம் செல்லாது.

ஊருக்கு எது முதலில் வேண்டும், எது இரண்டாவது, எது பொறுக்கலாம் என்பதை ஊரே உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். காகிதத்தில் இதைவிட அழகான ஏற்பாடு இருக்க முடியாது.

நடைமுறையில் என்ன ஆகும் என்று உங்களில் கிராமத்துச் சொந்தம் உள்ளவர்களுக்குத் தெரியும். கிளார்க்கு ஒரு பெரிய நோட்டோடு மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். "வந்தவங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க." கைநாட்டுக்கு மை டப்பா தனியாக இருக்கும். கையெழுத்துக்கு மேலே தீர்மானம் எழுதவேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக இருக்கும். அதைப் பிறகு நிதானமாக எழுதிக்கொள்ளலாம்!

அந்த மாதிரிக் கூட்டத்தைத் திட்டுவது சுலபம். நான் சொல்ல வந்தது ஒழுங்காக, நேர்மையாக, நாலு பேர் மெனக்கெட்டு நடத்திய ஒரு கூட்டத்தைப் பற்றி.

* * *

2008-ம் வருஷம், ஜூலை மாதம். சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில், கரிசல் காட்டுக்குள் ஒரு ஊர். அங்கே ஒரு தொண்டு நிறுவனமும், ஊராட்சியும், மகளிர் குழுக்களும் சேர்ந்து 'நம்ம ஊருக்கு நாமே திட்டம் போடுவோம்' என்று ஒரு காரியத்தில் இறங்கியிருந்தார்கள். நிறுவனத்தின் சார்பில் அங்கே வேலை பார்த்த பெண் எனக்குப் பல வருஷப் பழக்கம். ஊரில் எல்லோரும் அவரை 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்ததில்லை.

"எழுதுறவங்க ஒரு தடவை வந்து ரெண்டு நாள் இருந்து பாக்கணும் சார்" என்றார். போனேன்.

காலை பதினொரு மணிக்கு மந்தையில் கூட்டம். வேப்பமர நிழலில் தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, கலர் கோலப்பொடியால் ஊரின் வரைபடத்தைப் போட்டார்கள். போட்டவர்கள் ஊர்க்காரர்களே. காலேஜில் படிக்கிற ஒரு பையன் பொடியை வாங்கி விறுவிறுவென்று கோடு இழுத்தான். கண்மாய், ஊருணி, பிள்ளையார் கோயில், மேல்நிலைத் தொட்டி, கீழத்தெரு, மேலத்தெரு எல்லாம் வந்துவிட்டது. சுற்றி நின்ற பெரியவர்கள் "டேய், அந்தக் கிணறு இன்னும் கொஞ்சம் தள்ளிடா" என்று திருத்தினார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. ஒரு அரசாங்க இன்ஜினீயரின் படத்தில் இத்தனை விவரம் இருக்காது.

பத்து நிமிஷம் கழித்து ஒரு கிழவி, "ஏ, எங்க காலனி எங்கடா?" என்றாள்.

பையன் குனிந்து பார்த்தான். காலனி வரவேண்டிய தென்மூலையில்தான் அவன் நின்றுகொண்டிருந்தான். சிரித்துக்கொண்டே நகர்ந்து, நாலு கட்டம் போட்டான். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து ஓட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் போடவேண்டும் என்பதால் ஒவ்வொரு தேவைக்கும் ஒரு பொருள். தண்ணீருக்குச் செம்பு, தெருவிளக்குக்கு டார்ச் லைட், பள்ளிக்கூடத்துக்குச் சாக்பீஸ், ரோட்டுக்கு ஒரு ஜல்லி, கலையரங்கத்துக்கு ஒரு சலங்கை. ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை. எது முக்கியமோ அதன் முன்னால் வைக்கவேண்டும். ஐந்தையும் ஒரே இடத்தில் வைத்தாலும் சரி, பிரித்து வைத்தாலும் சரி.

எண்ணினார்கள். முதலிடம், கோயிலுக்கு முன்னால் கலையரங்கம். இரண்டாவது, கீழத்தெருவுக்குச் சிமெண்டு ரோடு. மூன்றாவது, மெயின் ரோட்டில் பஸ் நிழற்குடை. செம்பு ஆறாவது இடத்தில் இருந்தது.

பிரசிடெண்டுக்குத் திருப்தி. "பாத்தீங்களா சார், தண்ணிப் பிரச்னையே நம்ம ஊர்ல இல்ல" என்றார். பொய் சொல்லவில்லை. அவர் தெருவில் இல்லைதான்.

டீச்சர் ஒன்றும் சொல்லாமல் ஒரு சார்ட்டில் வரிசையை எழுதினார். அடியில் சின்னதாக இன்னொரு வரி சேர்த்தார்: 'வந்தவர்கள் 64. பெண்கள் 11. நேரம் பகல் 11 மணி.' எந்த அரசாங்க அறிக்கையிலும் நான் பார்த்திராத வரி அது.

* * *

ராபர்ட் சேம்பர்ஸ் என்று பிரிட்டனைச் சேர்ந்த ஒரு அறிஞர். கிராம முன்னேற்றம் பற்றி 1983-ல் ஒரு புத்தகம் எழுதினார். ஏழைகளைப் பற்றியது அல்ல, ஏழைகளைப் பார்க்கப் போகிறவர்களைப் பற்றியது என்றுகூடச் சொல்லலாம். நகரத்திலிருந்து போகிற அதிகாரி தார் ரோட்டை விட்டு இறங்கமாட்டார். மழைக்காலத்தில் போகமாட்டார், ஜீப் புதைந்துவிடும். பார்ப்பதெல்லாம் ஆண்களை, அதிலும் தலைவர்களை. இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார். ரோட்டை விட்டுத் தள்ளி இருக்கிறவர்களும், மழைக்காலப் பட்டினியும், பெண்களும் அவர் குறிப்பேட்டில் வரவே மாட்டார்கள். இதைச் சேம்பர்ஸ் கிராம முன்னேற்றச் 'சுற்றுலா' என்று கிண்டல் செய்தார்.

நிபுணர் வரைவதற்குப் பதிலாக மக்களே தரையில் படம் வரைவது, விதைகளையும் கற்களையும் வைத்துத் தேவைகளை வரிசைப்படுத்துவது போன்ற முறைகள் 1990 வாக்கில் இந்தியக் கிராமங்களில் பரவியதில் அவருக்கும் இங்குள்ள பல தொண்டு நிறுவனங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. நம் ஊரில் 2005-ல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய புதுவாழ்வுத் திட்டத்திலும் இதன் சாயல் இருந்தது. ஊரில் யார் பரம ஏழை, யார் ஏழை என்பதை ஊர்க்காரர்களே உட்கார்ந்து பட்டியலிட்டு, அதைக் கிராம சபையில் வாசித்து ஒப்புதல் வாங்கவேண்டும் என்று அதில் விதி வைத்தார்கள்.

நல்ல முறைதான். ஆனால் புளியங்கொட்டைக்குத் தானாக நடந்துபோகக் கால் கிடையாது. அது யார் கையில் இருக்கிறதோ அவர் வைக்கிற இடத்தில்தான் விழும். கை அன்றைக்கு வேறெங்கோ வேலையில் இருந்தால்?

* * *

"ராத்திரி எட்டு மணிக்கு இன்னொரு கூட்டம் இருக்கு, இருந்து பாத்துட்டுப் போங்க" என்றார் டீச்சர்.

காலனி அம்மன் கோயில் முன்னால். டியூப் லைட்டில் பூச்சி மொய்த்தது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். முக்கால்வாசிப் பேர் பட்டாசுக் கம்பெனிக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிறவர்கள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வரும். திரும்பி இறங்க ஆறரை, ஏழாகிவிடும். பிறகு சமையல். எட்டு மணிக்குத்தான் கை சும்மா இருக்கும். குளித்துவிட்டு வந்த பிறகும் சிலருடைய நகக்கண்ணில் அலுமினியப் பொடி வெள்ளியாக மினுங்கியது.

அதே செம்பு, அதே டார்ச் லைட், அதே சலங்கை. ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை.

செம்புக்கு முன்னால் குவிந்துவிட்டது. சலங்கைக்கு இரண்டே கொட்டை. வைத்தது சின்னப் பையன் ஒருத்தன் என்று பிறகு தெரிந்தது.

நான்தான் கேட்டேன். "ஏம்மா, இங்க தண்ணி வரலையா?"

"வருதே. தெனம் வருது சார்."

"அப்புறம்?"

"ஒம்பது மணிக்கு வருது. நாங்க ஏழு மணிக்கே வேன் ஏறிடுறோம்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. தண்ணீர் இல்லாத பிரச்னை இல்லை இது. தண்ணீர் வருகிற நேரத்தில் வீட்டில் ஆள் இல்லாத பிரச்னை. எந்தக் கணக்கெடுப்பிலும் இந்த ஊருக்கு நேராக 'குடிநீர் வசதி உண்டு' என்றுதான் எழுதியிருக்கும்.

"அப்போ யாரு பிடிச்சு வைக்கிறா?"

பதில் வரவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில் இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு பதின்மூன்று வயசுப் பெண் ஒன்று நின்றுகொண்டிருந்தது. எல்லோர் பார்வையும் அங்கே போனது.

"எட்டாப்பு படிக்குது சார்" என்றாள் ஒரு அம்மா. "தண்ணி பிடிச்சு வச்சிட்டுப் பத்து மணிக்கு மேல போகும்."

"எங்க போகுது?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "லேட்டா வந்தா வாசல்ல நிக்க வைக்காங்கன்னு ரெண்டு வாரமா நின்னுக்கிருச்சு. இவ அக்காளும் இப்பிடித்தான் நின்னா. இப்ப எங்ககூட வேன்ல வாரா."

அக்காவும் அங்கேதான் இருந்தாள். தலையைக் குனிந்து புளியங்கொட்டைகளை உருட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றால் 'இடைநிற்றல்' என்று ஒரு கணக்கில் சேரும். காரணம் என்ற கட்டத்தில் வறுமை என்றோ பெற்றோரின் அறியாமை என்றோ எழுதுவார்கள். கேட் வால்வைத் திறக்கிற நேரம் என்று எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

* * *

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கும் போயிருந்தேன். அன்றைக்குக் கம்பெனிகள் லீவு என்பதால் காலனிப் பெண்கள் நிறைய வந்திருந்தார்கள். டீச்சர் இரண்டு சார்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டார். பகல் பட்டியல், ராத்திரிப் பட்டியல். வேறு விளக்கவுரை எதுவும் செய்யவில்லை.

கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசவில்லை. கீழத்தெருப் பெரியவர் ஒருத்தர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"நாங்க வேணாம்னா சொன்னோம்? எங்களுக்குத் தெரியாதுல்ல."

அது உண்மைதான் என்று நினைக்கிறேன். இருநூறு மீட்டர் தள்ளி இருக்கிற தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவருக்கு வந்ததில்லை.

இதோடு எல்லோரும் கைதட்டிக் கலைந்தார்கள் என்று எழுத ஆசைதான். சண்டை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

தொட்டி 30,000 லிட்டர். மோட்டார் ஓட த்ரீ ஃபேஸ் கரண்ட் வேண்டும். அது நினைத்த நேரத்தில் கிடைக்காது. தண்ணீர் திறந்துவிடுகிறவர் பக்கத்து ஊர்க்காரர். டி.வி.எஸ். ஃபிப்டியில் எட்டரைக்குத்தான் வருவார். அவருக்குக் கொடுக்கிற சம்பளத்துக்கு ஐந்து மணிக்கு வா என்று சொல்லவும் முடியாது. சரி, முந்தின நாளே தொட்டியை நிரப்பி வைத்துவிட்டு, காலை ஐந்தரைக்கு வால்வை மட்டும் திறக்கலாம். காலனிக்கு முதலில் ஒரு மணி நேரம், மற்ற தெருக்களுக்கு வழக்கம்போல ஒன்பது மணிக்கு.

"மொதல்ல அவங்களுக்கா?" என்று ஒரு குரல் வந்தது.

தண்ணீர் குறைந்துவிடும் என்ற பயம் இல்லை அது. 'மொதல்ல' என்ற வார்த்தைதான் இடித்தது. பிரசிடெண்டு சமாதானத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். "ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல திறந்துட்டாப் போச்சு." அதற்கு அந்தக் கீழத்தெருப் பெரியவரே பதில் சொன்னார். "காலனி மேட்டுல இருக்குய்யா. ரெண்டையும் திறந்தா அங்க ஏறாது. தண்ணிக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியலையே."

வால்வைத் திறக்கிற சாவி யாரிடம் இருப்பது என்பதில் இன்னொரு அரைமணி நேரம் போயிற்று. மகளிர் குழுவில் ஒரு அம்மா எழுந்து, "சாவிய எங்ககிட்டக் குடுங்க. நாலரைக்கே முழிக்கிறவளுக தான நாங்க" என்றாள். ஒரு இரும்புக் கம்பி. அதைக் கைமாற்ற ஊருக்குள் அத்தனை யோசனை. கடைசியில் கொடுத்தார்கள். தீர்மானம் நோட்டில் ஏறியது. எண் 7.

அந்தத் தீர்மானத்துக்கு ஆன செலவு பூஜ்யம். எஸ்டிமேட் வேண்டாம். டெண்டர் வேண்டாம். கமிஷன் யாருக்கும் கிடையாது. அது இத்தனை வருஷம் யார் பட்டியலிலும் ஏறாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு காண்டிராக்டருக்கும் உபயோகமில்லாத வேலை பாருங்கள்.

ஆறு மாசம் கழித்து டீச்சர் போன் செய்தார். இரண்டு மாசம் ஒழுங்காக நடந்ததாம். பிறகு மோட்டார் காயில் எரிந்துபோய்ப் பதினொரு நாள் தண்ணீரே இல்லை. சரிசெய்த பிறகு பழையபடி ஒன்பது மணிக்கே திறக்க ஆரம்பித்திருக்கிறார்கள். காலனிப் பெண்கள் நாலு பேர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஊராட்சி ஆபீசுக்குப் போய், "தீர்மானம் நம்பர் ஏழு, எடுத்துப் பாருங்க" என்றார்களாம். மறுநாள் ஐந்தரைக்குத் தண்ணீர்.

"முன்னாடி கெஞ்சிக்கிட்டு நிப்போம் டீச்சர், இப்ப நம்பர் சொல்றோம்" என்று அவர்களில் ஒருத்தி சொன்னதை டீச்சர் இரண்டு தடவை சொன்னார்.

தங்கச்சி எட்டாவது பரீட்சை எழுதினாள். அக்கா வேனில்தான் போய்க்கொண்டிருந்தாள். கலையரங்கமும் அடுத்த வருஷம் வந்துவிட்டது, எம்.எல்.ஏ. நிதியில். அதில் கல்வெட்டு உண்டு, பேர்கள் உண்டு. ஐந்தரை மணித் தண்ணீருக்குக் கல்வெட்டு கிடையாது.

* * *

'இதெல்லாம் ஒரு ஊர்க் கதை சார், டீச்சர் நல்லவங்க, அதனால நடந்துச்சு' என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். அதனால் இன்னொரு கணக்கையும் சொல்கிறேன்.

ராகவேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டஃப்ளோ என்று இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள். மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஊராட்சிகளை ஆராய்ந்து 2004-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டஃப்ளோ பிறகு 2019-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். ஊராட்சித் தலைவர் பதவியில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று வந்தபோது, எந்த ஊர் பெண்களுக்கு ஒதுக்கப்படும் என்பது ஆள் பார்த்து முடிவானதல்ல, கிட்டத்தட்டக் குலுக்கல் மாதிரி. ஆகவே ஒதுக்கிய ஊரையும் ஒதுக்காத ஊரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது.

ராஜஸ்தானில் பெண்கள் அதிகம் முறையிட்டது குடிநீருக்காக. ஆண்கள் அதிகம் கேட்டது ரோடு. பெண் தலைவராக இருந்த ஊர்களில் குடிநீர் வேலை அதிகம் நடந்திருந்தது, ரோட்டு வேலை குறைந்திருந்தது. மேற்கு வங்கத்தில் பெண்கள் குடிநீரையும் ரோட்டையும் கேட்டார்கள். அங்கே பெண் தலைவர்கள் இரண்டிலும் அதிகம் செய்திருந்தார்கள்.

'பெண் பிரசிடெண்டுன்னு பேரு, புருஷன்தான் எல்லாம்' என்ற நம் ஊர் ஜோக்கை நானும் கேட்டிருக்கிறேன், சில ஊர்களில் நேரிலும் பார்த்திருக்கிறேன். அந்த ஜோக் முழு உண்மையாக இருந்தால் பட்டியலின் வரிசை மாறியிருக்கவே கூடாது. மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2016-ல் அந்த ஒதுக்கீட்டைப் பாதிக்குப் பாதியாக ஆக்கினார்கள்.

பக்கத்துக் கேரளத்தில் 1996-ல் 'மக்கள் திட்டம்' என்று ஒன்று தொடங்கினார்கள். மாநிலத்தின் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று அறிவித்து, எதற்குச் செலவு செய்வது என்று ஊரைக் கேட்டார்கள். அவர்கள் செய்த சின்ன ஏற்பாடுகளில் ஒன்று என்னைக் கவர்ந்தது. எல்லோரையும் மைதானத்தில் உட்காரவைத்து மைக்கில் கேட்டால் நாலு பேர்தான் பேசுவார்கள் என்று தெரிந்து, கூட்டத்தைத் துறைவாரியாகச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். விவசாயம் ஒரு பக்கம், கல்வி ஒரு பக்கம், பெண்கள் பிரச்னை ஒரு பக்கம், தாழ்த்தப்பட்டோர் நலன் ஒரு பக்கம். பேசியதை எழுதிப் பிறகு பொதுவில் வாசித்தார்கள். கூட்டத்தையும் முடிந்தவரை விடுமுறை நாளில் வைத்தார்கள். உள்ளாட்சித் திட்ட நிதியில் 10 சதவீதம் பெண்களுக்கான திட்டங்களுக்குத் தனியே வைக்கவேண்டும் என்றும் ஆக்கினார்கள்.

நம் உத்தரமேரூர்க் கல்வெட்டுப் பெருமையும் இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டியது. முப்பது குடும்பு, பானையில் ஓலை, குலுக்கி எடுக்கத் தேர்தல். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே என்று நெஞ்சு நிமிர்த்திக்கொள்கிறோம். நிமிர்த்தலாம். அதே கல்வெட்டில் பேர் எழுதுவதற்கான தகுதியும் இருக்கிறது. கால்வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம், சொந்த மனையில் வீடு, வயசு 35-க்கு மேல் 70-க்குள், வேதக் கல்வி. பானைக்குள் யார் பேர் போகலாம் என்பது பானைக்கு வெளியே முதலிலேயே முடிவாகிவிட்டது.

* * *

இப்போது கிராமங்களில் வீட்டுக்கு வீடு குழாய் போடுகிறார்கள். 2019-ல் மத்திய அரசு ஆரம்பித்த ஜல் ஜீவன் திட்டம். எத்தனை வீட்டுக்குக் குழாய் என்ற எண்ணிக்கை உடனுக்குடன் கிடைக்கிறது. நல்ல காரியம், தெருக்குழாயடிச் சண்டை எத்தனையோ ஊரில் குறைந்திருக்கும். அந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர், அந்த நேரத்தில் வீட்டில் யார் என்பது மட்டும் எண்ணிக்கையில் வராது. அதை அந்தந்த ஊரில் போய் உட்கார்ந்து கேட்டால்தான் உண்டு.

கிராமம்தானே என்று நகரத்து வாசகர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். 2022-ல் தமிழ்நாட்டில் நகரங்களுக்கும் வார்டு கமிட்டி, பகுதி சபை என்று வந்துவிட்டது. உங்கள் பகுதி சபைக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? அதை விடுங்கள். உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கக் கூட்டத்துக்காவது போயிருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி, காபி, மிக்சர். லிஃப்ட், பெயிண்ட், கார் பார்க்கிங், பிள்ளைகளுக்கு ஷட்டில் கோர்ட் என்று தேவைப் பட்டியல் போட்டிருப்பீர்கள். நேர்மையான பட்டியல்தான். நானும் அப்படிப்பட்ட பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன். இருபத்துநாலு மணி நேரமும் அங்கேயே இருக்கிற வாட்ச்மேன் அண்ணனுக்கும், காலையிலிருந்து நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கும் கீழே ஒரு கழிப்பறை என்பது அதில் எத்தனையாவது இடத்தில் இருந்தது?

வேண்டாம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கீழத்தெருப் பெரியவர் சொன்ன மாதிரி, தெரியாதுல்ல!

இனிமேல் யாராவது 'மக்களின் முக்கியத் தேவைகள்' என்று ஒரு பட்டியலை உங்களிடம் நீட்டினால், முதலிடத்தில் என்ன இருக்கிறது என்று அப்புறம் பார்க்கலாம். கூட்டம் எத்தனை மணிக்கு நடந்தது என்று முதலில் கேளுங்கள்.